வில்லுல இருக்கற முடிச்சு குறையா, கூடப்பொறந்ததா?

போன மாசம் கையால செஞ்ச வில்லுங்க பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல ஒரே கவலைதான். காசு கொடுத்து, மாசக்கணக்கா காத்திருந்து வாங்கின வில்லுல கறை இருக்கு, மேடு பள்ளம் இருக்கு, கோணலா இருக்கு, ஏமாந்துட்டோமா? சிலதுக்கு பதில் ரெண்டு வரியில முடிஞ்சிடும், சிலதுக்கு கொஞ்சம் உக்காந்து பேசணும்.

கேள்வி: சார், இங்க ஒரு கிளப்ல சேர்ந்து ரெண்டு வருஷமா வில் விடறேன். ஏழு மாசம் காத்திருந்து யூ (yew)ங்கற ஊசியிலை மரத்துல ஒரு லாங்போ, அதாவது ஆள் உயர நீள வில்லு, செஞ்சு வாங்கினேன். பெட்டிய பிரிச்சதும் மனசே விட்டுப்போச்சு. என்னை பார்த்த பக்கத்துல நாலஞ்சு இடத்துல பரு மாதிரி மேடு, அதுக்கு நடுவுல கருப்பு புள்ளி. ஒரு ஓரம் நேரா இல்லாம பாம்பு மாதிரி நெளியுது. மேல் பாதில வெள்ளை மரம் தடிமனா இருக்கு, கீழ் பாதில மெல்லிசா ஓடுது. ஃப்ரெண்டோட வில்லு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. திருப்பி அனுப்பிடலாமா?
*வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து*

பதில்: அனுப்பிடாதீங்க. மொதல்ல அந்த பருவ பத்தி சொல்லிடறேன், ஏன்னா நீங்க குறைன்னு நினைக்கற அந்த இடத்துலதான் வேலை தெரிஞ்ச கை பட்டிருக்கு.

யூ மரம் அடிமரத்துலேர்ந்தே சின்ன சின்ன குச்சியா விட்டுக்கிட்டே இருக்கும். அந்த குச்சி இருந்த இடமெல்லாம் உள்ள முடிச்சா நிக்கும். முடிச்சு பாரம் தாங்காது, தாங்கறது அதை சுத்தி வளைஞ்சு போற நாருதான், ஆத்துல பாறைய சுத்தி தண்ணி போற மாதிரி. இழைப்புளி போட்டு அதை சமமா தள்ளிட்டா அந்த வளைஞ்ச நாரெல்லாம் அறுந்து போகும், பார்க்க அழகா இருக்கும், ஆனா வில்லு முழுக்க அந்த ஒரு இடம்தான் பலவீனமா நிக்கும். அதனால விஷயம் தெரிஞ்சவங்க முடிச்ச சுத்தி கொஞ்சம் மரத்த கூடுதலா விட்டுட்டு இழைப்பாங்க. இது இன்னைக்கு கண்டுபிடிச்சதும் இல்ல. 1545ல ரோஜர் ஆஷம் எழுதின டாக்ஸோஃபிலஸ்தான் வில்வித்தை பத்தி இங்கிலீஷ்ல வந்த முதல் புத்தகம், அதுலயே நல்ல வில் செய்யறவங்க ஒவ்வொரு முடிச்சையும் மேடா விட்டு அதுக்கு மரம் கூட்டிக் கொடுப்பாங்கன்னு எழுதியிருக்கார். அவர்தான் பின்னாடி முதலாம் எலிசபெத் ராணியா ஆகப்போற பொண்ணுக்கு பாடம் சொல்லிக் கொடுத்தவர். கிட்டத்தட்ட 480 வருஷம் முன்னாடி சொன்னத உங்க வில்ல செஞ்சவர் அப்படியே செஞ்சிருக்கார், அதுக்கு நீங்க அவருக்கு நன்றிதான் சொல்லணும்.

அந்த புத்தகம் வந்த அதே 1545 ஜூலைலதான் எட்டாம் ஹென்றியோட போர்க்கப்பல் மேரி ரோஸ் போர்ட்ஸ்மவுத் பக்கத்துல முழுகிச்சு. 1982ல கப்பல தூக்கினாங்க, அதுலேர்ந்து 130க்கும் மேல முழு வில்லுங்க கிடைச்சிருக்கு, எல்லாம் யூ. ராஜாவோட படைக்கு செஞ்ச வில்லு, அதுலயும் முடிச்சு இருக்கு, உளி போன தடம் இருக்கு. லெஸ்டர்லேர்ந்து ஒரு நாள் ட்ரெயின் ஏறி போர்ட்ஸ்மவுத் மியூசியம் போய் பார்த்துட்டு வாங்க, அப்புறம் உங்க வில்ல எடுத்து பார்த்தா உங்களுக்கே அது வேற மாதிரி தெரியும்.

இதை நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நான் செஞ்ச மூணாவது வில்லு, கைப்பிடிக்கு ஒரு அடி மேல நல்ல பெரிய முடிச்சு, எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் அதை தொடாதன்னு சொல்லியிருந்தார், ஆனா வீட்டுல எல்லார்கிட்டயும் காட்டணுமேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உப்புத்தாள் எடுத்து தேய்ச்சு தேய்ச்சு சமமாக்கிட்டேன், அவ்வளவு அழகா இருந்துச்சு. அடுத்த வாரம் இழுக்கும்போது சரியா அந்த இடத்துல ரெண்டா போச்சு. ஒரு துண்டு கன்னத்துல கீறிட்டு போச்சு, கண்ணு தப்பிச்சது. அந்த ரெண்டு துண்டையும் இன்னும் வச்சிருக்கேன்.

அடுத்தது நெளியற ஓரம். மரம் எப்படி வளர்ந்துச்சோ நாரும் அப்படித்தான் ஓடும். ஸ்கேல் வச்சு நேரா அறுத்தா நாரு ஓரத்துல வெட்டுப்பட்டு வெளிய வந்துடும், அங்கேர்ந்துதான் பின்னாடி சிலாம்பு கிளம்பும். நாரு போற வழியிலயே ஓரத்த விட்டதாலதான் அது நெளியுது. நேரான, முடிச்சு இல்லாத யூ அந்த காலத்துலயே இங்கிலாந்துல கிடைக்காம அல்லாடியிருக்காங்க. 1472ல சட்டமே போட்டாங்க, இங்கிலாந்து துறைமுகத்துக்கு வர்ற சரக்கு கப்பலுங்க ஏத்திட்டு வர்ற ஒவ்வொரு டன் சரக்குக்கும் நாலு வில்லுக்கட்டை கொண்டு வரணும்னு. ராஜாவுக்கே அந்த நிலைமைன்னா நமக்கு எப்படி கம்பு மாதிரி நேரா கிடைக்கும்?

வெள்ளை மரம் ஒரு பக்கம் தடிமனா இருக்கறதும் அதே கதைதான். யூவுல வெளிய இருக்கற வெள்ளை மரம் இழுவை தாங்கும், உள்ள இருக்கற ஆரஞ்சு நிற வைரம், அதாவது நடு மரம், அமுக்கத்த தாங்கும், ரெண்டும் சேர்ந்து ஒரே கட்டைல இயற்கையா ஒட்டிக்கிட்டு வர்றதாலதான் அந்த மரத்துக்கு அவ்வளவு மதிப்பு. மரம் வெயில் பட்ட பக்கம் ஒரு மாதிரி, நிழல் பக்கம் ஒரு மாதிரி வளரும், வெள்ளை எல்லா இடத்துலயும் ஒரே அளவுல வராது. வைரத்தோட கலரும் போகப்போக கருக்கும், அஞ்சு வருஷம் கழிச்சு இன்னும் நல்லா இருக்கும்.

ஃப்ரெண்டோட வில்லு அனேகமா மரத்தகடு ஒட்டி மேல ஃபைபர்கிளாஸ் போட்டதா இருக்கும். அது வேற வகை, நல்ல வில்லுதான், ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாது.

ஆனா ஒண்ணு, நான் சொல்லிட்டேன்னு கண்ண மூடிட்டு விட ஆரம்பிச்சிடாதீங்க. டார்கெட்ட பார்த்த பக்கம், அதாவது வெள்ளை மரம் இருக்கற பக்கம், அதுல ஒரு துண்டு பஞ்ச எடுத்து மெதுவா இழுத்துட்டு போங்க, நாண் ஏத்தாம ஒரு தடவை, ஏத்தி ஒரு தடவை. எங்கயாவது பஞ்சு மாட்டுச்சுன்னா அங்க நாரு கிளம்புதுன்னு அர்த்தம், அப்போ கண்டிப்பா செஞ்சவருக்கு எழுதுங்க. அப்புறம் கண்ணாடி முன்னாடி இல்லன்னா ஒருத்தர ஃபோட்டோ எடுக்கச் சொல்லி, வில்ல மெதுவா கொஞ்சம் கொஞ்சமா இழுத்து பாருங்க, வளைவு ரெண்டு பக்கமும் ஒரே சீரா வருதா, இல்ல ஒரே இடத்துல மட்டும் கீல் வச்ச மாதிரி மடங்குதான்னு. மேல் பாதி கீழ் பாதிய விட ஒரு துளி கூடுதலா வளைஞ்சா பயப்பட வேணாம், கைய கீழ வச்சு பிடிக்கறோம்ல, அதுக்காக கீழ் பாதிய கொஞ்சம் விறைப்பா வைக்கறது வழக்கம். இதெல்லாம் சரியா இருந்தா பரு, நெளிவு, கலர் எதுவுமே குறை இல்ல.

கேள்வி: என் லாங்போ நுனியில மாட்டியிருக்கற கொம்புல ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு. கைப்பிடிக்கு கீழ வார்னிஷ் சொட்டு ஒண்ணு உறைஞ்சு நிக்குது. தள்ளுபடி கேக்கலாமா?
*வாசகர், ஈப்போ, மலேசியா*

பதில்: கொம்புல கோடு இருக்கத்தான் செய்யும், மாட்டுக்கு மாடு மாறும். நாண் உக்கார்ற வெட்டு வழவழப்பா இருக்கா, நாண அறுக்கற மாதிரி கூர் எதுவும் இல்லையான்னு மட்டும் விரல் வச்சு பாருங்க. வார்னிஷ் சொட்டு கவனக்குறைவுதான், நான் அத மறைக்கல, செஞ்சவர்கிட்ட சொல்லுங்க, ஆனா அதுக்காக சண்டை வேணாம்.

கேள்வி: ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு மர வில்லு வாங்கினேன். உள்பக்கம் கைப்பிடிக்கு அரை அடி மேல முடி மாதிரி மெல்லிசா மூணு கோடு குறுக்க போகுது. வித்தவர்கிட்ட கேட்டா அது வார்னிஷ் கோடு, வெறும் பார்வைக்குத்தான், தாராளமா விடுங்கன்னு சொல்றார். இப்போ கோடு அஞ்சு ஆயிருக்கோன்னு சந்தேகமா இருக்கு.
*வாசகர், சென்னை*

பதில்: இன்னைக்கே நாண கழட்டி வச்சிடுங்க. இந்த கட்டுரைல நான் பயப்படச் சொல்ற கேள்வி இது ஒண்ணுதான்.

மரத்துல நீளவாக்குல போற கோடு பெரும்பாலும் காயும்போது விழற வெடிப்பு, அது ஓரத்துல போய் முடியாம உள்ளயே நின்னா வில்லு அதோட வருஷக்கணக்கா வாழும். குறுக்க போற கோடு அப்படி இல்ல. நம்மள பார்த்த பக்கம் இழுக்கும்போது அமுங்குது, அமுக்கம் தாங்க முடியாத இடத்துல நாரு மடங்கி நொறுங்குது, துணியில மடிப்பு விழுற மாதிரி. அந்த மடிப்புதான் நீங்க பார்க்கற கோடு. வார்னிஷ்தானான்னு தெரிஞ்சுக்க நகத்த வச்சு குறுக்க ஓட்டி பாருங்க, அந்த சின்ன இடத்துல மட்டும் வார்னிஷ சுரண்டியும் பாருங்க, மரத்துல கோடு தொடர்ந்தா முடிவு தெரிஞ்சிடும். மூணு அஞ்சாகுதுன்னு நீங்க சொல்றதுதான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு, பார்வைக் குறை ஒரு நாளும் வளராது, வளருதுன்னா அது பார்வைக் குறை இல்ல.

இது ஏன் வருதுன்னா அந்த ஒரு இடம் மட்டும் மத்த இடத்த விட அதிகமா வளையுது, இல்ல முன்னாடி வச்சிருந்தவர் சொன்ன அளவுக்கு மேல இழுத்திருக்கார். ரொம்ப ஆரம்பத்துல பார்த்துட்டா வழி இருக்கு. கோடு விழுந்த இடத்த தொடாம, அதுக்கு ரெண்டு பக்கத்துலயும் இருக்கற மரத்த கொஞ்சம் சுரண்டி இளக்கி விடணும், அப்போ வளைவு அங்க எல்லாம் பரவி இந்த இடத்துக்கு பாரம் குறையும். இதுவும் ஆஷம் சொன்ன வைத்தியம்தான், இன்னைக்கும் அதைத்தான் செய்யறாங்க. வில்லோட பவுண்டு, அதாவது இழுக்க வேண்டிய பலம், கொஞ்சம் குறைஞ்சிடும், பரவாயில்ல. ஆனா இதை நீங்களா செய்யாதீங்க, வில்லு செய்யத் தெரிஞ்சவர்கிட்ட கொண்டு போங்க. அது வரைக்கும் யாருக்கும், குறிப்பா பசங்களுக்கு, சும்மா இழுத்துப் பாருன்னு கூட கொடுக்காதீங்க.

வித்தவர் தெரிஞ்சு சொன்னாரா தெரியாம சொன்னாரான்னு நான் சொல்ல முடியாது. பணம் திருப்பி கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

கேள்வி: என் பொண்ணு எட்டாவது படிக்கறா, ஸ்கூல்ல இந்தியன் ரவுண்டுக்கு, அதாவது மூங்கில் வில்லுல விடற போட்டிப் பிரிவுக்கு, மூங்கில் வில்லு வாங்கிக் கொடுத்தோம். கணுவெல்லாம் துருத்திக்கிட்டு இருக்கு, அங்கங்க பழுப்பா தீ பட்ட மாதிரி கறை. மத்த புள்ளைங்க கேலி பண்றாங்கன்னு அழறா. உப்புத்தாள் போட்டு கணுவ சமமாக்கி பெயின்ட் அடிச்சு தரலாமா?
*வாசகி, ஓசூர்*

பதில்: அம்மா, உப்புத்தாள கீழ வச்சிடுங்க. மூங்கிலுக்கு பலம் முழுக்க தோல ஒட்டி இருக்கற அந்த மெல்லிய அடுக்குலதான், நாரு அங்கதான் நெருக்கமா அடுக்கியிருக்கும், உள்ள போகப்போக நாரு குறைஞ்சு சோறு மாதிரி ஆயிடும். கணுவுல நாரு கொஞ்சம் மேல ஏறி வளைஞ்சு போகுது. அதை சமமாக்கணும்னு தேய்ச்சா சரியா எது வில்ல காப்பாத்துதோ அதை சீவி எறியற மாதிரி. கணுவோட கூர் கைய குத்துதுன்னா அந்த நுனிய மட்டும் மொழுக்கலாம், அதுக்கு மேல வேணாம்.

பழுப்புக் கறை, தீயில காட்டி நிமித்தினப்போ வந்தது. மூங்கில நெருப்புல காட்டித்தான் கோணல் எடுப்பாங்க, லேசா நிறம் மாறினா தப்பே இல்ல. கரியாகி, நகத்துல சுரண்டினா பொடியா உதிர்ற அளவுக்கு கருகியிருந்தா மட்டும் அந்த வில்ல மாத்தச் சொல்லுங்க.

பொண்ணு அழறத நினைச்சா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அவகிட்ட தீபிகா குமாரி பேர சொல்லுங்க, ஜார்கண்ட்ல வீட்டுல செஞ்ச மூங்கில் வில்லுல ஆரம்பிச்சு உலகக் கோப்பை வரைக்கும் போனவங்க. இன்னைக்கும் 30 மீட்டர், 50 மீட்டர்ல மூங்கில் வில்லோட நிக்கற புள்ளைங்கதான் இந்த நாட்டுல வில்வித்தைய தாங்கறாங்கன்னு நான் மனசார நம்பறேன். பூட்டான்ல 1971லயே வில்வித்தைய தேசிய விளையாட்டா அறிவிச்சுட்டாங்க, அங்க பாரம்பரிய வில்லு மூங்கில்தான், டார்கெட் தூரம் 140 மீட்டருக்கும் மேல. கணு துருத்திக்கிட்டிருக்கற வில்லுலதான் அவ்வளவு தூரம் அடிக்கறாங்க.

பெயின்ட் வேணாம், கீழ விரிசல் விழுந்தா தெரியாம போயிடும். கைப்பிடில அவளுக்கு பிடிச்ச கலர்ல நூல் நெருக்கமா சுத்திக் கொடுங்க, அழகாவும் இருக்கும், பிடியும் நல்லா இருக்கும்.

கேள்வி: கொரியாவுல வேலை பார்க்கறேன். ஒரு பெரியவர் தன்னோட பழைய கொம்பு வில்ல எனக்கு கொடுத்தார். மேல சுத்தியிருக்கற மரப்பட்டை அங்கங்க திட்டு திட்டா இருக்கு, நாண் ஏத்தினா ஒரு பக்கம் லேசா திரும்பிக்குது. அவர் தினமும் சூடு காட்டி காலால மிதிச்சு சரி பண்றார். பார்க்கவே பதறுது.
*வாசகர், டேஜான், தென் கொரியா*

பதில்: பதறாதீங்க, அவர் சரியாத்தான் பண்றார், உங்களுக்கு கிடைச்சது பெரிய கொடுப்பினை. அதுக்கு பேர் காக்குங். மூங்கில் நடுவுல, எருமைக் கொம்பு உள்பக்கம், மாட்டு நரம்பு வெளிப்பக்கம், எல்லாத்தையும் ஒட்டறது மீனோட காற்றுப்பையிலேர்ந்து காய்ச்சின பசை. பசை நிதானமா இறுகணும்னு குளிர் காலத்துலதான் செய்வாங்க. கொம்பும் நரம்பும் பசையும் எல்லாமே உயிரு இருந்த பொருள், ஈரம் பட்டா இளகும், காஞ்சா விறைக்கும், அதனால ஒவ்வொரு தடவை நாண் ஏத்தும்போதும் அதை சூடு காட்டி நேராக்கறது அந்த வில்லோட சுபாவம், பழுது இல்ல. மேல இருக்கறது பூர்ச்ச மரப்பட்டை, ஈரம் உள்ள போகாம காக்கறதுக்கு. திட்டு இருந்தா இருக்கட்டும், ஆனா பட்டை ஓரம் கிளம்பி நிக்குதான்னு பாருங்க, கிளம்பினா அவர்கிட்டயே சொல்லி ஒட்டிடணும், இல்லன்னா மழைக்காலத்துல ஈரம் உள்ள போய் நரம்பு பிரியும். கொம்புக்கும் மூங்கிலுக்கும் நடுவுல மெல்லிசா இடைவெளி தெரிஞ்சாலும் விடாதீங்க. மழைக்காலம் முழுக்க வில்ல கதகதப்பான பெட்டில வைப்பாங்க, நீங்களும் அதே மாதிரி வைங்க, அந்த சீசன்ல ஃபைபர், கார்பன்ல செஞ்ச வில்லு எடுத்து விடுங்க. அந்த பெரியவர் காலால மிதிச்சு காட்டறப்போ பக்கத்துல உக்காந்து கத்துக்கங்க, அதை எழுத்துல யாராலயும் சொல்லித் தர முடியாது.

கேள்வி: டோக்கியோல கியூடோ, அதாவது ஜப்பான் வில்வித்தை, கத்துக்கறேன். என் மூங்கில் வில்லுல நாண் நடுவுல இல்லாம வலது பக்கம் தள்ளி நிக்குது. வளைஞ்சு போச்சா?
*வாசகி, டோக்கியோ*

பதில்: இல்லம்மா, அப்படித்தான் செய்வாங்க. அதுக்கு இரிக்கின்னு பேர். ஜப்பான் வில்லுல அம்பு வலது பக்கம் உக்கார்றதால நாணும் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி இருந்தா அம்பு நேரா கிளம்பும். அது இடது பக்கம் போக ஆரம்பிச்சாதான் கவலை, அப்போ உடனே உங்க ஆசிரியர்கிட்ட காட்டுங்க, நீங்களா அமுக்கி நிமித்தாதீங்க.

கேள்வி: ஒரு வில் செய்யறவர் தன்னோட சில வில்லுங்கள காஸ்மெட்டிக் செகண்ட்ஸ்ன்னு போட்டு முப்பது சதவீதம் கம்மியா தர்றார். வாங்கலாமா, இல்ல ஒடைஞ்சத தள்ளி விடறாங்களா?
*வாசகர், கோவை*

பதில்: நான் வில் விட ஆரம்பிச்ச முதல் பத்து வருஷம் இந்த மாதிரி வில்லுதான் வாங்கினேன், ஒண்ணு கூட என்னை கைவிடல. உண்மையான செகண்ட்ஸ்னா என்னன்னா, தகடு ஒட்டும்போது ஓரத்துல கலர் சேரல, மரத்துல ஒரு கறை, தோல் தையல் கொஞ்சம் கோணல், ஃபினிஷ்ல தூசி, இதெல்லாம். ஒரு மனுஷன் மாசக்கணக்கா உழைச்ச பொருள், விட்டா அம்பு அதே வேகத்துல போகும், ஆனா ஃபோட்டோல பார்த்து வாங்கறவங்க அந்த கறைய பார்த்துட்டு வேணாம்னு சொல்லிடறாங்க. இதை நேர்மையா வெளிய சொல்லி விக்கற ஒருத்தர நான் மறைச்சு விக்கறவர விட நூறு மடங்கு மதிப்பேன்.

ஆனா கேக்க வேண்டியத கேளுங்க, கூச்சப்படாதீங்க. குறை எந்த இடத்துல, டார்கெட் பக்கமா நம்ம பக்கமா, வளையற இடத்துலயா கைப்பிடிலயா? கைப்பிடில இருக்கறது வளையவே போறதில்ல, அங்க ஓட்டை அடைச்சிருந்தா கூட நான் கவலைப்பட மாட்டேன். வளையற பாகத்துல டார்கெட் பக்கம் ஏதாவது அடைச்சிருக்காருன்னா வேற ஒண்ண பாருங்க. முழுசா இழுத்த நிலையில பக்கவாட்டு ஃபோட்டோ ஒண்ணு, நாண் ஏத்தி மேலேர்ந்து நீளவாக்குல ஒண்ணு, குறை இருக்கற இடத்த கிட்டத்துல ஒண்ணு, இந்த மூணும் கேளுங்க. எத்தனை அம்பு விட்டு பார்த்தீங்கன்னு கேளுங்க. முக்கியமா, நல்ல வில்லுக்கு தர்ற அதே கேரண்டி இதுக்கும் உண்டான்னு கேளுங்க. வெறும் பார்வைக் குறைதான்னு அவரே நம்பினா கேரண்டி தர்றதுல அவருக்கு என்ன தயக்கம் இருக்கப்போகுது? தரமாட்டேன்னா அந்த முப்பது சதவீதம் வேணாம், விட்டுடுங்க.

வாங்கினதுக்கு அப்புறம் உங்க ஊர் வெயில்ல காருக்குள்ள விட்டுட்டு போயிடாதீங்க, அம்பு இல்லாம நாண இழுத்து விடாதீங்க, விட்டு முடிச்சதும் நாண கழட்டி படுக்க வைங்க. மர வில்லு நாளாக நாளாக நாண் பக்கம் ஒரு இன்ச்சு, ஒன்றரை இன்ச்சு வளைஞ்சு நிக்கும், அதுவும் சகஜம்தான். மெழுகு தடவின கம்பளித் துணியால அப்பப்போ நல்லா தேய்ச்சு விடுங்க, ஈரம் ஏறாது, தேய்க்கும்போதே புதுசா ஏதாவது கிளம்பியிருந்தா விரலுக்கு தெரிஞ்சிடும். சந்தேகமா இருந்தா பகல் வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க, குறுக்க போற கோடா நீளவாக்குல போற கோடான்னு தெரியற மாதிரி கிட்டத்துல எடுங்க, பக்கத்துல ஒரு தீக்குச்சி வச்சா அளவு புரியும்.